ஒரு கன மீட்டர் சூடு

மதியச் சாப்பாடு முடிந்து பள்ளித் தட்டுகளில் மீந்த சோற்றுக்கு மூன்று கதிகள் உண்டு. வெளியே கொட்டினால் எலியும் நாயும் தின்னும். தொட்டியில் போட்டு மூடினால் காற்றில்லாமல் புளித்து நாறும். சருகோடு சேர்த்துக் குவித்தால் சூடேறி, சில மாதங்களில் எருவாகும். சோறு மூன்றிலும் ஒன்றுதான். எவ்வளவு குவித்தோம், எதோடு கலந்தோம், எதைக் கலக்கவிடாமல் காத்தோம் என்பதில்தான் அதன் கதி மாறுகிறது.

முதலில் சூட்டைப் பார்ப்போம். சோற்றிலும் காய்த்தோலிலும் உள்ள மாவுப்பொருளும் சர்க்கரையும் புரதமும் நுண்ணுயிர்களுக்கு உணவு. ஆக்சிஜனைக் கொண்டு அவற்றை உடைக்கும்போது கார்பன் டை ஆக்சைடும் நீரும் வெப்பமும் வெளிப்படுகின்றன. முதல் ஓரிரு நாட்கள் 40 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் பாக்டீரியாக்களின் ஆட்சி. அவை கிளப்பிய சூடே அவற்றுக்கு ஒவ்வாமல் போகும்போது வெப்பத்தை விரும்பும் வேறு இனங்கள் தலையெடுக்கின்றன. 45 முதல் 65 டிகிரி வரை அவற்றின் காலம். 70ஐத் தாண்டினால் அவையும் மடங்கும். எளிதில் கரையும் உணவு தீரத் தீர வெப்பம் இறங்கும். அப்போது பூஞ்சைகளும் ஆக்டினோபாக்டீரியாக்களும் வந்து, சருகின் நரம்பு, மரநார் போன்ற கடினமான பொருட்களைக் கவனிக்கின்றன. குவியலைக் கிளறும்போது சாம்பல் பூத்தாற்போல் தெரியும் வெள்ளை இழைகள் இவைதான். முதல் மழையில் மண்ணிலிருந்து எழும் வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற சேர்மத்தைச் சுரப்பவையும் இந்த ஆக்டினோபாக்டீரியாக்களே. அதனால்தான் நன்கு மக்கிய எரு மண்வாசனை அடிக்கிறது.

ஏழைக் குடியிருப்புகளில் இந்தச் சூட்டுக்கு உயிர் காக்கும் வேலை ஒன்று இருக்கிறது. காற்றோட்டம் கொடுத்து மூடிய குவியலில் 55 டிகிரி மூன்று நாள் விடாமல் நின்றால் நோய்க்கிருமிகள் பெருமளவு அழிந்துவிடும். கழிவுநீர்க் கசடை எருவாக்குவதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்த விதியில் இருக்கும் அளவுகோல் இது. ஈப்புழுக்களும் அந்தச் சூட்டில் பிழைப்பதில்லை. சூடேறாத குவியலோ ஈக்கும் எலிக்கும் விருந்து.

சரி, சூடு ஏறுவதற்கு என்ன வேண்டும்? அளவு வேண்டும். டம்ளரில் ஊற்றிய டீ ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும். கல்யாண வீட்டு அண்டாவில் இருப்பது மணிக்கணக்கில் சுடச்சுட இருக்கும். வெப்பம் உண்டாவது பொருளின் கன அளவைப் பொறுத்தது, வெளியேறுவது மேற்பரப்பைப் பொறுத்தது. பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர் உள்ள பெட்டியில் 27 லிட்டர் எச்சம் பிடிக்கும். அதன் ஒவ்வொரு கன மீட்டருக்கும் 20 சதுர மீட்டர் மேற்பரப்பு என்ற கணக்கில் சூடு கசியும். பக்கத்துக்கு ஒரு மீட்டர் உள்ள பெட்டியில் ஆயிரம் லிட்டர் பிடிக்கும். மேற்பரப்பு 6 சதுர மீட்டர்தான். வீட்டு மொட்டைமாடியில் வைக்கும் மண்பானையில் எரு கிடைக்கும், ஆனால் அது பெரும்பாலும் வெதுவெதுப்போடு நின்றுவிடும். ஒரு கன மீட்டரை நெருங்கும்போதுதான் குவியல் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தொடங்குகிறது.

அப்படியானால் பெரிதாக்கிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். அதற்கான விடை கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் இருக்கிறது. சென்னையில் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் சேரும் குப்பையில் பெரும்பகுதி பல பத்தாண்டுகளாக இந்த இரண்டு இடங்களில் மலையாகக் குவிந்தது. மலையின் வயிற்றுக்குள் காற்று போகாது. அங்கே ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. எரியவும் செய்யும். 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடியில் பற்றிய தீ நாள்கணக்கில் புகைந்ததை அந்தப் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பானை சிறியது, சூடேறாது. மலை பெரியது, மூச்சுவிடாது. இரண்டுக்கும் நடுவே, ஓர் ஆள் மண்வெட்டியோடு சுற்றிவந்து பார்த்துக்கொள்ளக்கூடிய அளவுதான் ஒரு கன மீட்டர்.

அந்த ஒரு கன மீட்டரை எங்கே வைப்பது? சென்னை கண்ணகி நகரின் பழைய குடியிருப்புகளில் இருநூறு சதுர அடிகூட இல்லாத வீடுகள் இருக்கின்றன. அங்கே ஐந்து பேர் வாழும் அறையில் எருப்பானைக்கு இடம் தேடச் சொல்வது கொடுமை. நடுத்தர வர்க்கத்துக்கு எழுதப்பட்ட 'வீட்டிலேயே உரம்' அறிவுரைகள் பால்கனியையும் மொட்டைமாடியையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அந்த அறிவுரையைக் கேட்டு நடக்க முடியாதவர்களைச் சுகாதார உணர்வு இல்லாதவர்கள் என்று பேசுவதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. இப்படிப்பட்ட பகுதிகளில் திறந்த மண்தரையும், ஒரு குழாயும், இரண்டு மூன்று மரமும், பூட்டக்கூடிய கேட்டும் ஒருசேர இருக்கும் பொது இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: பள்ளிக்கூடம்.

இதை உலகுக்குச் செய்து காட்டிய ஊர் பிரேசிலில் இருக்கிறது. அந்நாட்டின் தெற்கே சாந்தா கத்தரினா மாநிலத்தின் தலைநகர் ஃப்ளோரியனோபொலிஸ். அழகான கடற்கரைத் தீவு என்று சுற்றுலாப் பயணிகளுக்குத் தெரிந்த நகரம். அதன் பெருநிலப் பக்கத்தில் மோன்ச்சி கிறிஸ்து என்ற பகுதியில், அமேசான் காட்டுக்காகப் போராடி 1988-ல் சுட்டுக் கொல்லப்பட்ட சிக்கோ மெண்டிஸின் பெயரைத் தாங்கிய ஏழைக் குடியிருப்பு ஒன்று உண்டு. 2008-ல் அங்கே எலிகள் பெருகின. எலியின் சிறுநீர் கலந்த நீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ், நம் ஊரில் எலிக் காய்ச்சல் என்று சொல்வது, உயிர்ப்பலி வாங்கியது. சென்னைக்கும் அந்தக் காய்ச்சல் புதிதல்ல. மழைநீர் தேங்கும் மாதங்களில் இங்கேயும் தலைகாட்டும் நோய்தான்.

எலிக்கு மருந்து வைப்பது வழக்கமான வழி. தெருவில் சாப்பாடு கிடக்கும்வரை அந்த வழி முடிவதே இல்லை, ஏனென்றால் செத்த எலியின் இடத்துக்கு அடுத்த எலி வரும். குடியிருப்பைச் சேர்ந்தவர்களும் சுகாதார நிலையமும் பள்ளியும், செப்பாக்ரோ என்ற வேளாண் தொண்டு நிறுவனமும் கூடிப் பேசினபோது கேள்வி திரும்பியது: எலிக்குக் கிடைக்கும் உணவை எப்படி நிறுத்துவது? வீட்டுக்கு ஒரு சிறிய மூடி வாளி கொடுத்தார்கள். சமையல் எச்சம் மட்டும் அதில். வாளி நிறைந்ததும் தெருமுனையில் வைத்த பெரிய டிரம்மில் கொட்டவேண்டும். குடியிருப்பின் இளைஞர்கள் டிரம்களைச் சேகரித்துக் கழுவித் திருப்பி வைத்தார்கள். எச்சம் பள்ளி வளாகத்தில் குவிக்கப்பட்டது. 'சின்ன வாளிகளின் புரட்சி' என்றே அதற்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். முன்னின்று நடத்தியவர்களில் பெண்களே அதிகம்.

அவர்கள் எடுத்துக்கொண்ட முறை பக்கத்திலேயே இருந்த கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தில் 1990களிலிருந்து பழகிவந்தது. இயந்திரம் வேண்டாம், அடிக்கடி புரட்டவும் வேண்டாம். அடியில் குச்சியும் மரச்சீவலும் பரப்புவார்கள். நான்கு பக்கமும் வைக்கோலாலும் வெட்டிய புல்லாலும் சுவர் எழுப்புவார்கள். நடுவே எச்சம், மேலே மரத்தூளும் சருகும், அதன் மேல் தடிமனாக வைக்கோல். உள்ளே சூடேறிய காற்று மேலே போகும்போது, வைக்கோல் சுவர் வழியாகக் குளிர்ந்த காற்று கீழே நுழையும். புகைபோக்கி வேலை செய்யும் அதே தத்துவத்தில் குவியல் தானே மூச்சு வாங்கிக்கொள்கிறது. உணவு வெளியே தெரிவதில்லை, நாற்றம் கசிவதில்லை, கொதிக்கும் நடுப்பகுதிக்குள் எலி போவதில்லை. நகரின் குப்பை பக்கத்து நகராட்சியான பிகுவாசுவின் குப்பைக் கிடங்குக்கு லாரியில் போய்க்கொண்டிருந்தது. பிற்பாடு, 2019-ல், உணவுக் கழிவு முதலிய மக்கும் பொருட்களை மறுசுழற்சி செய்தே ஆகவேண்டும் என்று ஃப்ளோரியனோபொலிஸ் நகரமே சட்டம் இயற்றியது. ஏழைக் குடியிருப்பின் பள்ளி முற்றத்தில் நடந்த வேலை அந்தச் சட்டத்துக்கு முன்னோடிகளில் ஒன்று.

பிரேசிலுக்கும் நமக்கும் இன்னொரு பொருத்தம் உண்டு. அவர்களுடைய தேசியப் பள்ளி உணவுத் திட்டம் 1955-ல் தொடங்கியது. காமராசரின் மதிய உணவு 1956-ல். அதற்கும் வெகு முன்பே, 1920-ல், நீதிக்கட்சிக் காலத்துச் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போட முடிவெடுத்தது. 1982-ல் சத்துணவு, 2022-ல் காலை உணவு. ஆக, நம் அரசுப் பள்ளிகள் ஒவ்வொன்றும் தினசரி சமையலின் எச்சம் குறித்த நேரத்தில் வந்துசேரும் இடங்கள். எருக்குவியலுக்கு இதைவிட நல்ல சூழல் அமையாது. வீட்டு எச்சம் நாள் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேரும். பள்ளி எச்சம் ஒரே மணிநேரத்தில், புதிதாக, பெரும்பாலும் பிளாஸ்டிக் கலக்காமல் வரும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 பிள்ளைகள் சாப்பிடும் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். தட்டில் விட்டதும் சமையலறையில் நறுக்கிக் கழித்ததும் சேர்த்து ஆளுக்கு 30 கிராம் என்றால் நாளுக்கு 9 கிலோ. அதில் முக்கால் பங்குக்கு மேல் நீர். அதில் நைட்ரஜனும் அதிகம்: ஒரு பங்கு நைட்ரஜனுக்குச் சுமார் 15 பங்கு கார்பன்தான். நுண்ணுயிர்களுக்கு வசதியான விகிதமோ 25 முதல் 30 வரை. நைட்ரஜன் மிகுந்தால் அது அம்மோனியாவாகப் பறந்து மூக்கைத் துளைக்கும். நீர் மிகுந்தால் இடைவெளிகள் அடைபட்டுப் புளிப்பு நாற்றம் கிளம்பும். குழைந்த சோறு இதில் மிகவும் மோசம். கட்டியாக ஒட்டிக்கொண்டு காற்றை உள்ளே விடாது.

இந்த இரண்டு குறைகளுக்கும் மருந்து பள்ளி வளாகத்திலேயே உதிர்ந்து கிடக்கிறது. காய்ந்த சருகில் நைட்ரஜன் ஒரு பங்கென்றால் கார்பன் அறுபது பங்கு அளவில் இருக்கும், ஈரமோ சொற்பம். 9 கிலோ எச்சத்தோடு 5 கிலோ சருகைச் சேர்த்தால் கார்பன் விகிதம் 30ஐத் தொடும், ஈரப்பதமும் 50 சதவீதத்தைச் சற்றே தாண்டி நிற்கும். இரண்டு கணக்கும் ஒரே கலவையில் நேர்ப்படுவது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் விஷயம். பிள்ளைகளுக்கு எடைபோடத் தராசு வேண்டாம்: ஒரு வாளி எச்சத்துக்கு நான்கு வாளி நொறுக்கிய சருகு. கையில் எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு துளி கசியவேண்டும். ஒழுகினால் இன்னும் சருகு. பிடி உதிர்ந்துபோனால் கொஞ்சம் தண்ணீர்.

வேம்பும் புங்கையும் மாசி, பங்குனியில் இலை உதிர்க்கும். அந்தச் சருகைக் கூட்டிக் குவித்துத் தீ வைப்பது இன்றும் பல வளாகங்களில் வழக்கம். ஆண்டு முழுவதற்கும் வேண்டிய கார்பன் ஒரு தீக்குச்சியில் போய்விடுகிறது, புகை பக்கத்து வகுப்பறைக்குள் நுழைகிறது. கோணிப்பைகளில் அடைத்து நனையாத இடத்தில் வைத்தால் ஐப்பசி மழையிலும் கைகொடுக்கும். வடகிழக்குப் பருவமழைதான் சென்னையில் குவியலுக்கு வரும் பெரிய சோதனை. மேலே தகரக் கூரை இல்லாவிட்டால் ஒரே இரவில் காற்று இடைவெளிகள் எல்லாம் நீரால் நிறைந்து சூடு விழுந்துவிடும். இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் தொட்டி மூன்றும் கூரை ஒன்றும் போதும்: ஒன்று நிறைய, ஒன்று வேக, ஒன்று ஆற.

முட்டை ஓட்டைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் சத்துணவில் வாரம் ஐந்து நாள் முட்டை உண்டு. ஓட்டில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். நுண்ணுயிர்களால் அதைத் தின்ன முடியாது. நொறுக்கிப் போட்டால் கெடுதல் இல்லை, மண்ணில் மெல்லக் கரையும். முழுசாகப் போட்டால் மாதங்கள் கழித்தும் அப்படியே கிடைக்கும்.

இவ்வளவும் கைகூடுவது பிரித்தலில் இருக்கிறது. 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டுத் தீங்குக் கழிவு என மூன்றாகப் பிரிக்கும்படி கூறின. இது ஒழுங்குக்காகச் சொன்ன விதி மட்டும் இல்லை, இயற்பியலும் அதைத்தான் சொல்கிறது. கலப்பது தானாக நடக்கும்; பிரிப்பதற்கு ஆற்றல் வேண்டும், கலந்த பிறகு எடுக்க எடுக்க அந்த ஆற்றல் பெருகிக்கொண்டே போகும். தட்டு காலியாகும் நொடியில் சோறு ஒரு வாளிக்கும் பிஸ்கட் கவர் வேறு வாளிக்கும் போக எந்தச் செலவும் இல்லை. இரண்டும் ஒரே தொட்டியில் விழுந்து, பேட்டரி வண்டியில் குலுங்கி, லாரியில் நசுங்கியபின் அதே வேலையைச் செய்ய எந்த இயந்திரத்தாலும் முழுதாக முடியாது.

போபாலில் உள்ள இந்திய மண்ணறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் 29 நகரங்களின் குப்பை உரத்தைச் சோதித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. கலந்த குப்பையிலிருந்து செய்த உரங்களில் ஈயம் போன்ற கன உலோகங்கள் கூடுதல். முதலிலேயே பிரித்த கழிவிலிருந்து வந்தவற்றில் குறைவு. ஒரு பழைய பேட்டரி செல் குவியலுக்குள் போனால் அது மக்காது. அதிலிருப்பது கரைந்து எருவுக்குள்ளும், எருவிலிருந்து கீரைக்குள்ளும் போகும். நுண்ணுயிர் சோற்றைத் தின்று தீர்க்கும், உலோகத்தைத் தீர்க்க அதற்கு வழியில்லை. பிரித்தல் என்பது பின்னால் சரிசெய்துகொள்ளக்கூடிய படி அல்ல என்பதைப் பிள்ளைகளிடம் இந்தக் காரணத்தோடு சொல்லவேண்டும். 'நல்ல பழக்கம்' என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் ஆசிரியர் திரும்பிய மறுநிமிடம் பழக்கம் காணாமல் போகும்.

இனி, அறிவியல் நூல்கள் பெரும்பாலும் எழுதாமல் விடும் கேள்வி: மண்வெட்டி யார் கையில்?

நம் நாட்டில் குப்பைக்குச் சாதி உண்டு. பள்ளிகளில் சில பிள்ளைகளை மட்டும் பொறுக்கிக் கழிப்பறை கழுவவைத்த செய்திகள் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. அப்படிப்பட்ட மண்ணில் எருக்குவியல் என்ற பெயரில் இன்னொரு துப்புரவு வேலையைப் பிள்ளைகள் தலையில் கட்டிவிடக்கூடாது. தன் தட்டின் மிச்சத்தைத் தானே பிரித்துப் போடுவது எல்லாருக்கும் பொது, ஆசிரியர்களுக்கும் சேர்த்து. வெப்பமானியைச் செருகி அளவெழுதுவது, சருகை நொறுக்குவது, பிழிந்து பார்ப்பது ஆகியவை பாடம். வரிசைப்படி எல்லாருக்கும் வரவேண்டும். எச்சம் நிறைந்த டிரம்மைத் தூக்குவதும் தொட்டியைப் புரட்டுவதும் வேலை. கையுறையோடு, கூலியோடு, பெரியவர்கள் செய்யவேண்டியது. ஏற்கெனவே குறைந்த ஊதியத்தில் நூற்றுக்கணக்கானோருக்குச் சமைத்துப் பாத்திரம் கழுவும் சமையல் உதவியாளரின் தலையில் இதையும் சேர்த்து ஏற்றினால் மூன்றாம் மாதம் குவியல் செத்துப்போகும், அதில் அவருடைய குற்றம் எதுவும் இருக்காது. ஃப்ளோரியனோபொலிஸிலும் நுண்ணுயிர்கள் தொல்லை தரவில்லை. வாளி சுமந்த இளைஞர்களுக்கு நிலையாக ஊதியம் கிடைக்க வழி தேடுவதுதான் அவர்களின் நீண்ட போராட்டம். குப்பையை மாநகராட்சி லாரியில் ஏற்றினால் டன்னுக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கிறோம். லாரியில் ஏறாமல் செய்தவருக்குக் கொடுக்க ஏன் மனம் வரவில்லை?

ஒரு பள்ளியின் 9 கிலோவால் சென்னையின் 5,000 டன் குறைந்துவிடாது. குவியல் நன்றாகச் சூடேறும் பழக்கம் வந்தபிறகு, பக்கத்துத் தெரு வீடுகளின் வாளிகளுக்கும் அங்கே இடம் உண்டு என்பதில்தான் வளர்ச்சி இருக்கிறது. பிள்ளைதான் வாளியைக் கொண்டுவரும், அம்மாவுக்குப் பிரிக்கச் சொல்லிக்கொடுப்பதும் பிள்ளைதான். ஆனால் முதல் ஆண்டிலேயே இதை ஆரம்பிக்கக்கூடாது. ஒருமுறை நாறிய குவியலை அந்தத் தெரு எளிதில் மன்னிப்பதில்லை.

பள்ளி நாட்காட்டியும் இதற்குத் தோதாக அமைந்திருக்கிறது. ஏப்ரலில் தேர்வு முடிந்து சமையல் நிற்கும்போது கடைசித் தொட்டியைச் சருகால் மூடி, லேசாக ஈரம் காட்டி விட்டுவிடலாம். மே மாத வெயிலில் சூடான கட்டம் முடிந்து ஆறும் கட்டம் நடக்கும். இதற்கு ஆள் காவல் தேவையில்லை. வாரம் ஒருமுறை யாராவது தண்ணீர் தெளித்தால் போதும். ஜூனில் பள்ளி திறக்கும்போது சல்லடையில் சலித்தால் கறுத்த எரு கீழே விழும், முட்டை ஓடும் குச்சியும் மேலே தங்கும். தங்கியதை அடுத்த குவியலின் அடியில் பரப்பிவிடலாம்.

சலித்த எருவை உடனே பாத்தியில் போடவேண்டாம். சாம்பாரின் உப்பு எங்கும் போய்விடவில்லை, நீர் ஆவியாகிப் பொருள் சுருங்கியதால் அது செறிந்துதான் இருக்கும். உப்பு மிகுந்த மண்ணில் இளம் வேர் நீரை உறிஞ்சத் திணறும். முதிராத எருவில் மிஞ்சியிருக்கும் அமிலங்களும் முளையைக் கருக்கும். இரண்டையும் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. மூன்று தேங்காய்ச் சிரட்டைகளை எடுத்து, ஒன்றில் வெறும் மண், ஒன்றில் வெறும் எரு, ஒன்றில் மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு எரு என்று நிரப்பி, ஒவ்வொன்றிலும் பத்துப் பச்சைப்பயறு ஊன்றச் சொல்லுங்கள். நான்காம் நாள் முளைகளை எண்ணி, வேரை அளவுகோலால் அளந்து எழுதவேண்டும். கலவையில் முளைத்தவை மண்ணில் முளைத்தவற்றுக்குக் குறையாமல் இருந்தால் அதே விகிதத்தில் கலந்து கீரைப் பாத்திக்குக் கொண்டுபோகலாம். குறைந்தால் எருவை இன்னும் ஒரு மாதம் ஆறவிட்டு, திரும்பப் பத்துப் பயறு ஊன்றவேண்டும்.